நாக்கின் பின்புறத்து மேடுகளும், கடைசி வரியில் ஒளிந்திருந்த பாக்கும்

கேள்வி கேட்டவர் மும்பை செம்பூரில் தங்கி, பாந்திரா குர்லா வளாகத்தில் வேலை பார்க்கும் 29 வயது இளைஞர். தொண்டை வலி வந்து போன பிறகு கைபேசி விளக்கை வாய்க்குள் அடித்துப் பார்த்திருக்கிறார். நாக்கின் பின்புறத்தில் சிவப்பாக, வரிசையாக மேடுகள். இடது ஓரத்தில் கடைவாய்ப் பல்லை ஒட்டித் தனியாக ஒரு தடிப்பு. காரம் பட்டால் வாய் எரிகிறது. இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. இது புற்றுநோயா என்று கேட்கிறார். கடைசி வரியில், போகிற போக்கில், “சிகரெட், மது எதுவும் கிடையாது, நண்பர்களோடு தினமும் இரண்டொரு பொட்டலம் பான் மசாலா மட்டும், அதுவும் புகையிலை கலக்காதது” என்று எழுதியிருக்கிறார்.

முதலில் நீங்கள் தூங்குவதற்கான பதில். வரிசையாகத் தெரிகிறது என்கிறீர்களே, அந்த மேடுகள் அநேகமாக நீங்கள் பிறந்ததிலிருந்து அங்கேதான் இருக்கின்றன. நீங்கள்தான் இப்போது பார்க்கிறீர்கள். சயானில் 26 ஆண்டுகளாகப் பல் மருத்துவம் பார்க்கிறேன். கைபேசியில் விளக்கு வந்த பிறகு இந்தக் கேள்வியோடு படியேறுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். என் பாட்டி எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்தாள். தன் நாக்கின் பின்புறம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

நாக்கை முழுவதுமாக நீட்டினால், அது தொண்டைக்குள் இறங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் எட்டு முதல் பன்னிரண்டு வட்ட மேடுகள் தெரியும். தாணே கழிமுகத்துக்கு வரும் பூநாரைகள் கூட்டமாகப் பறக்கும்போது நடுவில் ஒன்று முன்னே போக, மற்றவை இருபுறமும் சாய்வாகப் பின்தொடருமே, அந்த அணிவகுப்புதான். கூர்முனை தொண்டையைப் பார்த்திருக்கும். ஒவ்வொரு மேடும் ஓரிரு மில்லிமீட்டர் அகலம். சுற்றிலும் அகழி மாதிரி ஒரு பள்ளம். அந்த அகழியின் சுவரில்தான் சுவை மொட்டுகள் இருக்கின்றன. அகழிக்குள் சிறு சுரப்பிகள் நீரை ஊற்றிக்கொண்டே இருக்கும். பழைய சுவையைக் கழுவிவிட்டால்தானே அடுத்த வாயின் சுவை தெரியும். வடிவாக அமைந்த இந்த உறுப்பைத்தான் நீங்கள் இரண்டு வாரமாகக் கட்டி என்று நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறீர்கள்.

(நாக்கின் நுனியில் இனிப்பு, பின்னால் கசப்பு என்று பள்ளிப் புத்தகத்தில் படம் போட்டுப் பாகம் பிரித்திருப்பார்கள். அது தவறு. எல்லாச் சுவையும் எல்லா இடத்திலும் தெரியும். சந்தேகம் இருந்தால் பாகற்காயை நுனி நாக்கில் வைத்துப் பாருங்கள்.)

இவை எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரிவதில்லை. தொண்டையில் கிருமித் தொற்று வந்தால், சூடான தேநீர் பட்டால், நாக்கு வழிப்பானை வேண்டிய மட்டும் பின்னால் தள்ளி அழுத்தி வழித்தால், சில நாட்களுக்குச் சிவந்து பெரிதாகத் தெரியும். உங்களுக்குத் தொண்டை வலி இருந்திருக்கிறது. வேறொரு காரணமும் உண்டு. பி12 சத்து அல்லது இரும்புச் சத்து குறைந்தவர்களுக்கு நாக்கின் முன்பகுதி சொரசொரப்பு போய் வழவழப்பாகிவிடும்; அப்போது பின்னால் இருக்கும் மேடுகள் தனித்துத் தூக்கலாகத் தெரியலாம். மாட்டுங்காவிலிருந்து என்னிடம் வரும் சைவ உணவுக் குடும்பங்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

அந்த அணிவகுப்புக்கும் பின்னால், கண்ணாடியில் சுலபமாகத் தெரியாத அடிநாக்கில், கரடுமுரடாகச் சிறு உருண்டைகள் நிறைந்த திசு இருக்கிறது. தொண்டையின் இருபுறமும் இருக்கும் டான்சிலின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்வழியாக நுழையும் கிருமிகளைக் கவனிக்கும் காவல் வேலை அதற்கும் உண்டு. சளி பிடித்தால் வீங்கும். ஒவ்வாமையில் வீங்கும். சின்ன வயதில் டான்சில் எடுத்தவர்களுக்கு அண்ணன் வேலையையும் தம்பி சேர்த்துப் பார்ப்பதுபோல் இது பெரிதாவதுண்டு. இரவு பதினொரு மணிக்கு ரயிலைவிட்டு இறங்கி, வடா பாவைச் சாப்பிட்டு, அப்படியே படுத்துவிடும் நம் ஊர் வழக்கத்தில் இன்னொரு தொல்லை சேர்கிறது: வயிற்று அமிலம் மேலேறி இந்தத் திசுவை அரித்துக்கொண்டே இருக்கும். தொண்டையில் ஏதோ நிற்பது போன்ற உணர்வு, காலையில் செருமல், வாயில் புளிப்பு எல்லாம் சேர்ந்து வந்தால் முதலில் இரவுச் சாப்பாட்டை இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் தள்ளுங்கள்.

இனி அந்த இடது ஓரத்துத் தடிப்பு. இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும்.

நாக்கின் இரண்டு பக்கவாட்டிலும், பின்கோடியில், மடித்த துணியின் ஓரம் மாதிரி செங்குத்தான சில மடிப்புகள் உண்டு. இவையும் இயற்கையே, இவற்றிலும் சுவை மொட்டுகள் இருக்கின்றன, அந்த டான்சில் திசுவும் கொஞ்சம் உண்டு. ஆகவே சளிக்கும் தொற்றுக்கும் இவையும் வீங்கும். கடைவாய்ப் பல்லின் முனை உடைந்து கூராக நின்றாலோ, ஞானப் பல் நாக்கைப் பார்த்துச் சாய்ந்திருந்தாலோ, பேசும்போதும் மெல்லும்போதும் உரசி உரசி ஒரு பக்கம் மட்டும் தடித்துவிடும். பல்லைத் தேய்த்து மழுக்கினால் பத்து நாளில் அடங்கும். என்னிடம் புற்றுநோய்ப் பயத்தோடு வருகிறவர்களில் மிகப் பலருக்கு இதுதான் காரணமாக இருந்திருக்கிறது. இரண்டு நிமிட வேலை, ஆனால் அவர்கள் விடும் மூச்சில் அறையே அதிரும்.

ஆனால் வாய்ப் புற்றுநோய் நாக்கில் தொடங்க விரும்பும் இடமும் இதே ஓரம்தான். இயற்கையான மடிப்பும், உரசலில் வந்த தடிப்பும், தொடக்கநிலைப் புற்றும் ஒரே சந்தில் குடியிருக்கின்றன. அதனால்தான் நீங்கள் அனுப்ப விரும்பும் புகைப்படத்தை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். நாக்கு நுனியைத் துணியால் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்து, கண்ணாடி வைத்துப் பார்த்து, கையுறை போட்ட விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். வீங்கிய மடிப்பு மெத்தென்று இருக்கும். புற்று பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். மாவுக்குள் புளியங்கொட்டை கிடப்பதுபோல். இந்த வித்தியாசத்தைக் காட்டும் கேமரா எந்தக் கைபேசியிலும் இல்லை.

வீட்டில் நீங்கள் பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. வலது பக்கமும் இதே இடத்தில் இதே மாதிரி இருக்கிறதா? இருந்தால் நிம்மதி கூடும். உடலில் இயற்கையானவை பெரும்பாலும் இரட்டையாக, ஒத்த இடத்தில் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் இருப்பது, நாளுக்கு நாள் மாறுவது, இரண்டு மூன்று வாரம் ஆகியும் அடங்காதது, மேலே வெள்ளையாகவோ வெல்வெட் போலச் சிவப்பாகவோ படை படர்ந்திருப்பது, புண்ணாகி ஆறாமல் இருப்பது — இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். வலி இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். ஆரம்பத்தில் புற்று அநேகமாக வலிக்காது; வலித்துத் துடிக்கவைக்கும் வாய்ப்புண்தான் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானாக ஆறிவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாக்கின் நுனியிலும் ஓரத்திலும் திடீரென்று முளைத்து, ஊசி குத்துவதுபோல் வலித்து, ஓரிரு நாளில் மறையும் சிறு பரு. மேலை நாடுகளில் பொய் சொன்னால் வரும் பரு என்பார்கள், நம்மிடம் பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடையாது என்கிறோம், இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். உமிழ்நீர்க் குழாய் அடைத்து நீர் கோத்து நிற்கும் வழவழப்பான கொப்புளம். வைரஸால் வரும், பூக்கோசு நுனி போன்ற சிறு மரு. இதை வெட்டி எடுத்துவிடலாம். ஆஸ்துமாவுக்கு மூச்சில் இழுக்கும் ஸ்டீராய்டு மருந்தைப் பயன்படுத்திவிட்டு வாய் கொப்பளிக்காதவர்களுக்குப் படரும் வெள்ளைப் பூஞ்சை. இவற்றில் எதையும் நீங்கள் எழுதியதில் நான் காணவில்லை.

ஒன்றை மட்டும் சுருக்க மனம் வரவில்லை, ஏனென்றால் அது விசித்திரமானது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கர்ப்பிணிப் பெண் வந்தார். அடிநாக்கின் நட்டநடுவில், இளஞ்சிவப்பாக, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. விழுங்கும்போது இடறுகிறது என்றார். கூட வந்த மாமியார், “பிள்ளை பிறந்ததும் வெட்டி எடுத்துவிடலாம் அல்லவா?” என்று கேட்டார். வெட்டக் கூடாது. கரு உருவாகும் நான்காவது வாரத்தில் தைராய்டு சுரப்பி தொடங்குவதே நாக்கின் அந்தப் புள்ளியில்தான். அங்கிருந்து மெல்ல இறங்கிக் கழுத்துக்கு வந்து சேரும். ஏறக்குறைய ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கு அது இறங்காமல் பிறந்த வீட்டிலேயே தங்கிவிடும். பெண்களிடம் இது அதிகம். பூப்படையும்போதும் கர்ப்பத்தின்போதும் உடலுக்குத் தைராய்டு கூடுதலாகத் தேவைப்படுவதால் வீங்கி வெளிப்படும். இப்படிப்பட்டவர்களில் பத்தில் ஏழு பேருக்குக் கழுத்தில் வேறு தைராய்டே இருக்காது என்பது மருத்துவத்தில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. கட்டி என்று நினைத்து வெட்டினால் இருக்கிற ஒன்றும் போய்விடும். ஆகவே அடிநாக்கின் நடுக்கோட்டில் இருக்கும் எதன்மீதும் கத்தி வைக்கும் முன் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். அந்தப் பெண் மாத்திரையிலேயே சமாளித்தார்.

பயப்பட வேண்டியதையும் மறைக்காமல் சொல்கிறேன். அடிநாக்கில் வரும் புற்றுநோய் கண்ணுக்குத் தெரியாது. வேறு வேடங்களில் வரும். தாராவியில் தோல் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், கடைசிக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கச் சொல்லி என்னிடம் வந்தார். வலது காதில் மூன்று மாதமாக வலி. சொட்டு மருந்து ஊற்றி ஊற்றிப் பார்த்துவிட்டு, பல்தான் காரணம் என்று தானே முடிவுகட்டியிருந்தார். பல்லில் குற்றமில்லை. விழுங்கும்போது வலிக்கிறதா என்றேன். “ஆமாம், சோறு கொஞ்சம் இடறும்” என்றார். கழுத்தில் தாடைக்குக் கீழே ஒரு கழலை. அதைச் சவரம் செய்யும்போது கவனித்திருக்கிறார், பொருட்படுத்தவில்லை. விரலை அடிநாக்கு வரை விட்டபோது கெட்டியாகத் தட்டுப்பட்டது. நாக்கின் பின்பகுதிக்கு உணர்ச்சி தரும் நரம்பின் ஒரு கிளை நடுக்காதுக்கும் போகிறது. அங்கே தீப்பிடித்தால் இங்கே மணியடிக்கும். காது சுத்தமாக இருந்தும் ஒரு பக்கக் காது மட்டும் விடாமல் வலித்தால் தொண்டையையும் அடிநாக்கையும் பார்த்தே ஆக வேண்டும். ஒரு பக்கத் தொண்டை வலி ஆறாமல் இருப்பது, வாயில் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் குரல் மாறுவது, எச்சிலில் ரத்தம், நாக்கை நீட்ட முடியாமல் ஒரு பக்கம் இழுப்பது, காரணமின்றி எடை குறைவது ஆகியவையும் இதே குடும்பம். அவர் பதினைந்து வயதிலிருந்து பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் கலந்த மாவா போட்டுக்கொண்டிருந்தவர். மருத்துவம் முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். பேச்சு மட்டும் கொஞ்சம் குழறும்.

உங்களுக்கு 29 வயது. இந்த அறிகுறிகளில் ஒன்றையும் நீங்கள் எழுதவில்லை. ஆகவே அந்த மேடுகள் புற்றாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்றே நினைக்கிறேன். ஆனால் உங்கள் கேள்வியில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தவை வேறு இரண்டு: “காரம் பட்டால் எரிகிறது”, “பான் மசாலா மட்டும்”. இரண்டையும் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். நான் சேர்த்துப் படிக்கிறேன்.

“புகையிலை கலக்காதது” என்ற சமாதானத்தை இந்த ஊரில் நான் கேட்காத நாளில்லை. பான் மசாலாவின் பெரும்பகுதி பாக்கு. பாக்கு மட்டுமே, புகையிலை ஒரு துகள்கூட இல்லாமல், மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தன் தொகுப்பில் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. புகையிலை இருக்கும் அதே முதல் வகையில். நம் வீட்டு விசேஷங்களில் தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுக்கும் பொருளாயிற்றே என்று உங்கள் அம்மா என்மீது கோபப்படலாம். வருடத்துக்கு நாலு கல்யாணத்தில் வெற்றிலை போடுவதைப் பற்றி நான் பேசவில்லை. தினமும் இரண்டு பொட்டலம் கன்னத்தில் ஒதுக்குவதைப் பற்றிப் பேசுகிறேன். மகாராஷ்டிர அரசு 2012-இல் குட்காவோடு பான் மசாலாவையும் தடை செய்தது. தடை எந்த லட்சணத்தில் நடக்கிறது என்பதை எந்த ரயில் நிலையப் படிக்கட்டின் மூலையும் சொல்லும்.

பாக்கிலுள்ள பொருட்கள் வாயின் உள்தோலுக்கு அடியில் நார்களைக் கட்டுக்கட்டாக உற்பத்தி செய்யத் தூண்டும். தோல் மெல்ல வெளிறி, விறைத்து, இழுவை போய்விடும். இதன் முதல் அறிகுறி கட்டி அல்ல, எரிச்சல். நேற்றுவரை மடக்மடக்கென்று குடித்த மிளகு ரசத்தை இன்று குடிக்க முடியவில்லை என்பார்கள். 1952-இல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இந்த நோயைப் பார்த்து எழுதினார். கடல் கடந்து போனாலும் பாக்கு நம்மோடு வந்துவிடுகிறது. அப்போது அபூர்வமாக இருந்ததை, பொட்டலங்கள் வந்த பிறகு, மீசை அரும்பாத பையன்களிடமும் நான் பார்க்கிறேன்.

இப்போதே ஒன்று செய்யுங்கள். வாயை முடிந்தவரை திறந்து, உங்கள் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக அடுக்கி, மேல் கீழ் முன்பற்களுக்கு இடையில் நுழையுங்கள். மூன்றும் நுழைந்தால் நல்லது. இரண்டுதான் நுழைகிறது என்றால் நார் கட்டத் தொடங்கிவிட்டது என்ற சந்தேகம் எழும். கன்னத்தின் உள்பக்கம் கயிறு போல விறைப்பாகத் தட்டுப்படுகிறதா என்றும் நாக்கால் தடவிப் பாருங்கள். மூன்று விரல் நுழைந்தாலும் எரிச்சல் இருக்கிறதே, அதைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். கட்டிய நார் முழுவதுமாகக் கரையாது. பாக்கை நிறுத்தினால் பெரும்பாலும் மேலே பரவாமல் நிற்கும். பயிற்சியும் மருந்தும் கொஞ்சம் இளக்கிக் கொடுக்கும். நிறுத்தாவிட்டால் வாய் திறப்பது சுருங்கிக்கொண்டே போகும், சிலருக்கு அந்தத் தோலிலேயே புற்று முளைக்கும். எப்போதாவது, இரண்டொரு பொட்டலம் என்றெல்லாம் அளந்து சொல்லாதீர்கள். இன்றோடு நிறுத்துங்கள். முதல் பத்து நாள் தலை வலிக்கும், எரிந்து விழுவீர்கள்; ஏலக்காயோ கிராம்போ சோம்போ வாயில் போட்டுக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் பொட்டலத்தை நீட்டும் அந்த நண்பருக்கும் விரல் சோதனையைச் சொல்லிக் கொடுங்கள். இரண்டு விரல் நுழையாத முதல் ஆள் அவராகவே இருக்கலாம்.

இனி யாரிடம் போவது? இடது ஓரத்துத் தடிப்புக்கும் எரிச்சலுக்கும் முதலில் ஒரு பல் மருத்துவர் போதும். செம்பூரிலேயே பலர் இருக்கிறார்கள். செலவைப் பார்த்தால், ஹார்பர் ரயிலில் ஒரே வண்டியில் சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையம் போய் இறங்கினால் அரசு பல் மருத்துவக் கல்லூரி நடக்கும் தூரம். மும்பை சென்ட்ரலில் நாயர் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய்க் கேஸ் பேப்பர் என்கிற வெளிநோயாளிச் சீட்டை எடுத்துவிடுங்கள், வரிசை நீளும். அடிநாக்கு வரை பார்க்க வேண்டும் என்று அவர்கள் நினைத்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புவார்கள். சயான் மாநகராட்சி மருத்துவமனையில் அந்தப் பிரிவு உண்டு. மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கேமராவை விட்டு ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். கண்ணில் நீர் வரும், அவ்வளவுதான்.

சந்தேகம் என்றால் சிறு துணுக்கு எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். கத்தி பட்டால் பரவிவிடும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நான் அனுப்பிய எத்தனையோ பேர் அதனாலேயே பாதி வழியில் திரும்பியிருக்கிறார்கள். பயாப்ஸியால் வாய்ப் புற்று பரவாது. தள்ளிப்போடுவதால்தான் பரவுகிறது. பரேலில் 1941-இல் திறந்த புற்றுநோய் மருத்துவமனையான டாட்டா நினைவு மருத்துவமனையின் பெயர் மும்பைத் தமிழர் பேச்சில் நோயின் பெயராகவே ஆகிவிட்டது. “அவருக்கு டாட்டாவாம்” என்று தாழ்ந்த குரலில் சொல்வார்கள். சீக்கிரம் போனவர்கள் குணமாகி வந்து பக்கத்து வீட்டில் சத்தமில்லாமல் வாழ்வதால் அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மருத்துவரைப் பார்க்கும்வரை அந்த இடத்தை விரலால் நோண்டாதீர்கள். மணிக்கொரு முறை கண்ணாடி பார்த்து நாக்கை இழுத்து இழுத்தே பாதிப் பேர் வீங்கவைத்துக்கொள்கிறார்கள். போகிற அன்று காலையில் பல்லை மட்டும் துலக்குங்கள், நாக்கை வழிக்காதீர்கள். பயந்தவர்கள் சுத்தமாகப் போக வேண்டும் என்று நாக்கை ரத்தம் வர வழித்துக்கொண்டு வந்து உட்காருவார்கள். எந்தச் சிவப்பு நோயால் வந்தது, எது உங்கள் கைவேலை என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?